தி ஃபார் சைடு: வாசகர்களும் சேர்ந்து விளையாடிய சித்திரத் தொடர்

தி ஃபார் சைடு என்பது அமெரிக்க ஓவியர் கேரி லார்சன் நாளிதழ்களுக்காக வரைந்த நகைச்சுவைச் சித்திரத் தொடர் ஆகும். சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள் நாளிதழில் தொடங்கிய இத்தொடர் 1995 சனவரி 1 அன்று நிறைவுற்றது. ஏறத்தாழ 1,900 நாளிதழ்களில் வெளிவந்த இத்தொடர் 17 மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது.

இச்சித்திரங்களைப் போலவே, அவற்றைப் பார்த்த வாசகர்களின் எதிர்வினைகளும் சுவையானவை. பொருள் புரியாமல் கேட்டவர்கள், பிழை கண்டு திருத்தியவர்கள், கற்பனையைத் தாங்களே தொடர்ந்தவர்கள் என அவர்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

தொடரின் இயல்பு

நாளிதழ்ச் சித்திரத் தொடர்கள் பலவற்றில் மூன்று அல்லது நான்கு கட்டங்கள் இருக்கும். அதே கதைமாந்தர் நாள்தோறும் வருவர். தி ஃபார் சைடில் ஒரே கட்டம்தான். பல நாட்களில் அதன் கீழே ஓரிரு வரிகள் இருக்கும். நிலையான கதைமாந்தரும் இல்லை.

இதன் நகைச்சுவை மீயதார்த்த வகையைச் சேர்ந்தது. அன்றாட உலகமும் கனவு போன்ற ஒன்றும் ஒரே இடத்தில், எந்த விளக்கமும் இன்றிச் சேர்ந்து நிற்பதையே மீயதார்த்தம் என்கிறோம். எடுத்துக்காட்டாக, ஒரு சித்திரத்தில் பசுக்கள் மனிதரைப் போல இரண்டு காலில் நின்று அரட்டை அடிக்கின்றன. சாலையில் கார் வருகிறது என்று ஒரு பசு எச்சரித்ததும் எல்லாம் நான்கு காலில் நின்று புல் மேய்கின்றன. கார் போனதும் மீண்டும் அரட்டை தொடங்குகிறது.

பொருள் கேட்டவர்கள்: பசுவின் கருவிகள்

1982 அக்டோபர் 28 அன்று வெளிவந்த சித்திரம் இத்தொடரிலேயே மிகுந்த குழப்பத்தை உண்டாக்கியது. ஒரு பசு மேசையின் பின்னால் நிற்கிறது. மேசைமேல் செப்பமில்லாத நான்கு பொருட்கள் கிடக்கின்றன. ‘பசுவின் கருவிகள்’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் மட்டுமே கீழே இருந்தன.

வாசகர்கள் விளக்கம் கேட்டுக் கடிதங்கள் எழுதினர், தொலைபேசியிலும் விசாரித்தனர். முனைவர் பட்டம் பெற்ற நாற்பது பேரளவில் காட்டியும் யாருக்கும் புரியவில்லை என்றும், தம் ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியவில்லை என்றும் ஒருவர் எழுதினார். அதே கடிதத்தில், வாழ்க்கையின் பொருள் என்ன என்றும் அவர் கேட்டிருந்தார். கேள்வி கேட்பவரே நகைச்சுவையில் பங்கு கொள்வதை இங்குக் காண்கிறோம்.

இறுதியில் லார்சன் நாளிதழ்களுக்கு விளக்கம் அனுப்ப நேர்ந்தது. கருவி செய்வதே மனிதனை விலங்கிலிருந்து பிரிக்கிறது என்று மானிடவியலில் நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஒரு பசு கருவி செய்தால் அது எப்படி இருக்கும்? எதற்கும் உதவாததாகத்தான் இருக்கும். அவ்வளவுதான் நகைச்சுவை. தாம் செய்த தவறையும் அவர் ஒப்புக்கொண்டார். நான்கில் ஒன்றை ரம்பம் போல வரைந்துவிட்டார். ஒன்று ரம்பம் என்றால் மற்ற மூன்றும் எவை என்று வாசகர் தேடத் தொடங்கிவிட்டனர். பொருளற்ற ஒன்றில் அரைகுறையாகப் பொருள் தென்பட்டால், மனம் மீதியையும் தேடும். வாசகர் அறியாமையால் அன்று, கவனமாகப் பார்த்ததால்தான் குழம்பினர்.

பிழை திருத்தியவர்கள்: கொசுவும் பென்குயினும்

மற்றொரு சித்திரத்தில், ஆண் கொசு ஒன்று வேலை முடிந்து களைத்து வீடு திரும்புகிறது. நாடெங்கும் மலேரியாவைப் பரப்பி வந்த அலுப்பைத் தன் மனைவியிடம் சொல்கிறது. மனிதரைக் கடித்து மலேரியாவைப் பரப்புவது பெண் அனோபிலிசு கொசுவே என்பது பள்ளி அறிவியல் பாடத்திலேயே உள்ள செய்தி. வாசகர்கள் உடனே எழுதித் திருத்தினர். லார்சன் பிழையை ஏற்றுக்கொண்டார். ஆனால் கொசுக்கள் உடை அணிவதையும், வீடு கட்டி வாழ்வதையும், பேசுவதையும் பற்றி அவர்கள் குறை கூறவில்லையே என்று வியந்தார்.

பென்குயின்களும் பனிக்கரடியும் ஒரே இடத்தில் இருப்பதாக அவர் வரைந்தபோதும் இதுவே நடந்தது. பனிக்கரடி வடதுருவப் பகுதியில் வாழ்வது; பென்குயின்கள் தென்பகுதிக் கடல்களைச் சார்ந்தவை. கரடி பென்குயினைப் போல மூக்கு மாட்டி மாறுவேடம் போட்டிருந்ததை வாசகர்கள் மன்னித்தனர்; புவியியல் பிழையை மன்னிக்கவில்லை.

இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றினாலும் ஒரு நியாயம் உண்டு. கொசு பேசுவது கதையின் விதி. வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆண் கொசு கடிப்பதோ விதியில் சேராதது, வரைந்தவர் மறந்தது. எவ்வளவு விநோதமான விளையாட்டுக்கும் விதி உண்டு. அதை வாசகர்கள் யாரும் சொல்லாமலே அறிந்திருந்தனர்.

கற்பனையைத் தொடர்ந்தவர்கள்: தேகோமைசர்

1982இல் வந்த ஒரு சித்திரத்தில், குகை மனிதர் ஒருவர் டைனோசர் பற்றி வகுப்பெடுக்கிறார். ஸ்டெகோசாரஸின் வால்நுனி முட்களைச் சுட்டி, மறைந்த தேக் சிம்மன்ஸ் நினைவாக அதற்குத் ‘தேகோமைசர்’ என்று பெயர் என்கிறார். அந்த மனிதர் எப்படி இறந்தார் என்பதை நாமே ஊகிக்க வேண்டும்.

இங்கும் பிழை உண்டு. ஸ்டெகோசாரஸ் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அப்போது மனித இனம் தோன்றவே இல்லை. டைனோசரையும் ஆதி மனிதரையும் ஒரே படத்தில் வரைந்த பாவத்துக்கு ஓவியர்கள் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும் என்று லார்சனே வேடிக்கையாக எழுதியுள்ளார். ஆனால் அந்த வால் முட்களுக்கு அறிவியலில் தனிப்பெயர் இல்லாதிருந்தது. 1993இல் தொல்லுயிரியலாளர் கென் கார்ப்பென்டர், ஸ்டெகோசாரஸ் புதைபடிவம் ஒன்றைப் பற்றி மாநாட்டில் பேசியபோது இச்சொல்லைப் பயன்படுத்தினார். பின்னர் அருங்காட்சியகங்களிலும் நூல்களிலும் அது இடம்பெற்றது. பிழையைத் திருத்தும் தகுதி பெற்ற அறிஞர்களே நகைச்சுவையைத் தமதாக்கிக்கொண்டனர். ஆந்தையில் வாழும் ஒரு பேன் இனத்துக்கும் லார்சனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

சினமும் சிரிப்பும்: ஜேன் குடால்

எல்லா எதிர்வினையும் விளையாட்டாக இருக்கவில்லை. 1987இல், கணவனின் உடலில் மனிதப் பெண்ணின் தலைமுடியைக் கண்ட பெண் சிம்பன்சி, சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலைச் சாடுவதாக ஒரு சித்திரம் வந்தது. குடாலின் பெயரில் அமைந்த நிறுவனம் கண்டித்து வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது. ஆப்பிரிக்காவில் இருந்த குடால் பின்னர் படத்தைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தார். அச்சித்திரம் பொறித்த சட்டைகளின் விற்பனை வருவாய் அந்நிறுவனத்துக்கே சென்றது. லார்சனின் தொகுப்பு நூல் ஒன்றுக்குக் குடால் முன்னுரையும் எழுதினார்.

சிம்பன்சிகள் புல் தண்டால் கறையான் பிடிப்பதை 1960இல் கண்டறிந்து, மனிதன் மட்டுமே கருவி செய்பவன் என்ற கருத்தை அசைத்தவர் குடால். பசுவின் கருவிகள் கேலி செய்ததும் அதே கருத்தைத்தான்.

வாசகர் பங்கின் சிறப்பு

தமக்கு வந்த பாராட்டு, கண்டனம், திருத்தம் ஆகியவை பற்றி லார்சன் 1989இல் வெளிவந்த ‘தி ப்ரீஹிஸ்டரி ஆஃப் தி ஃபார் சைடு’ என்னும் நூலில் எழுதியுள்ளார். கடிதங்கள் சிலவும் அதில் உள்ளன. அவற்றைப் படிக்கும்போது ஓர் உண்மை விளங்கும். விளக்கமின்றி விடப்படும் நகைச்சுவையின் மறுபாதியை வாசகரே இட்டு நிரப்புகிறார். புரியவில்லை என்று வெளிப்படையாகக் கேட்டவரும், கொசுவின் பாலினத்தைத் திருத்தியவரும், இல்லாத சொல்லை அறிவியலுக்குக் கொண்டுசென்றவரும் அதையே செய்தனர். ஒரு வேடிக்கை புரியவில்லை என்று கேட்பதில் வெட்கம் இல்லை. முனைவர்கள் நாற்பது பேருக்கும் பசுவின் கருவிகள் புரியவில்லையே.