கார்ட்டூன்தானே என்று விட்டுவிடாதீர்கள்

பள்ளி விடுமுறையில் ரிமோட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவது வழக்கம். ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ படத்துக்கு மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். மின்மினிகளின் கல்லறை என்று பொருள்.

ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ 1988இல் எடுத்த அனிமேஷன் படம் இது. 1945இல் அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளில் கோபே நகரம் எரிகிறது. தாயை இழந்த 14 வயது செய்த்தாவும் 4 வயதுத் தங்கை செட்சுகோவும் பிழைத்திருக்கப் படும் பாடுதான் கதை. மூலக்கதையை எழுதிய அகியுகி நொசாகா, போர்க்காலத்தில் தம் வளர்ப்புத் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். இயக்குநர் இசாவோ தகஹாத்தாவும் சிறுவயதில் குண்டுவீச்சிலிருந்து தப்பியவர்தான்.

முதல் காட்சியிலேயே அண்ணன் ரயில் நிலையத்தில் உயிர் விடுகிறான். எனவே முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள்.

உடல் முழுவதும் இரத்தம் கசியும் கட்டுகளோடு கிடக்கும் தாய், புழு மொய்க்கும் சடலம், மொத்தமாக எரிக்கப்படும் பிணங்கள். இவை சில நிமிடங்களில் கடந்துவிடும். கடக்க முடியாதது பசிதான். கடைசி மிட்டாயும் தீர்ந்த டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறாள் தங்கை. பிறகு மண்ணை உருட்டி, சோறு என்று அண்ணனுக்குப் பரிமாறுகிறாள். சத்துணவு கொடு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார் மருத்துவர். சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று செய்த்தா கத்தும்போது பெரியவர்களுக்கே தொண்டை அடைக்கும்.

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தங்கை அழும்போது, என்ன சொல்வதென்று தெரியாமல் அவன் கம்பியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வித்தை காட்டுகிறானே, என்னை அதிகம் உலுக்கியது அந்தக் காட்சிதான். அதில் ஒரு துளி இரத்தம்கூட இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்த, சயாம் ரயில் பாதைக்கு ஆள் கொடுத்த குடும்பங்கள் நாம். அந்தப் படை இங்கே செய்ததைப் பற்றி இந்தப் படம் பேசவில்லை. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு எழலாம், எழட்டும்.

என் கணக்கில் 12 வயதுக்குக் கீழ் வேண்டாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளோடு நீங்களும் உட்காருங்கள். சின்னவர்களுக்கு அதே ஸ்டூடியோவின் ‘மை நெய்பர் தொத்தோரோ’ இருக்கிறது. 1988இல் ஜப்பானியத் திரையரங்குகளில் இந்த இரண்டு படங்களும் ஜோடியாகத்தான் வெளியாயின.