நீலக்கறைக் கைகளின் காதல்!

அவுரிச் சாயம் ஏறி நிறம் மாறிப்போன கைகள். அடிமைச் சிறுமியாக வேலை பார்த்த காலத்தின் தடம் அது. வளர்ந்து, விடுதலையான பிறகு, தப்பி வரும் அடிமைகளுக்கு மிச்சிகனில் தன் வீட்டிலேயே அடைக்கலம் தருகிறாள் ஹெஸ்டர். பிடிபட்டால் எல்லாம் போச்சு! அப்படி ஒருநாள் காயத்தோடு வந்து சேர்கிறவனிடம் காதலும் வருகிறது.

1996-ல் வெளியான ‘இண்டிகோ’ நாவலின் நாயகி இவள். எழுதியவர், டெட்ராய்ட்டில் பிறந்த பெவர்லி ஜென்கின்ஸ். நூலகத்தில் வேலை பார்த்தவர். 19-ம் நூற்றாண்டுக் கறுப்பினப் பெண்ணுக்குக் காதல் கதையா என்று பதிப்பகங்கள் தயங்கிய காலம் அது. முதல் நாவல் ‘நைட் சாங்’ அச்சேறியது 1994-ல். அதில் நாயகி, கன்சாஸ் பள்ளி ஆசிரியை.

காதலன் வருவதற்கு முன்பே இந்தப் பெண்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் வரலாற்று நூல்களின் பட்டியலும் தருவார் ஜென்கின்ஸ். காதல் நாவலில் இது கொஞ்சம் அதிசயம்தான்!