மணக்குடி காத்துக்கு எந்த ரீல்?

கொடுவா பிடிக்க பெய்ட்காஸ்டர் வாங்கலாமா, எதை வாங்கணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

நான் ஸ்பெக் பார்த்து வாங்கி ஏமாந்தவன். 8.1:1 கியர், பத்து பேரிங். பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில் நின்று முதல் வீச்சு. எதிர்காத்தில் லூர் வேகம் குறைஞ்சுது, ஸ்பூல் குறையல. மொத்த நரம்பும் குருவிக்கூடு! சிக்கெடுத்துப் பார்த்து, கடைசியில் கத்தி வச்சு அறுத்தேன். பக்கத்தில் வெறுங்கையால் நரம்பு வீசின அண்ணன் அதுக்குள்ள ரெண்டு மீன் தூக்கிட்டார்.

அதனால, முதலில் பிரேக்கைப் பாருங்க. காந்த பிரேக்னா பெரும்பாலும் வெளியே இருக்கிற திருகிலேயே கூட்டிக் குறைக்கலாம். காத்து மாறிட்டே இருக்கிற நம்ம கரைக்கு அதுதான் சௌகரியம். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினா ஸ்பூல் எத்தனை சுற்று, அவ்வளவுதான் கியர் எண். 6.3 தாராளம், பெரிய மீன் மாட்டினா கைக்கும் இலகு.

பேரிங் எண்ணிக்கையில் மயங்காதீங்க, உப்புக்காத்தில் துரு பிடிக்க அத்தனை இடம். உப்பைத் தாங்கும்னு எழுதியிருக்கான்னு பாருங்க. வீடு வந்ததும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணியை லேசா விட்டுக் கழுவி, காஞ்சதும் தளர்த்தி வைங்க.

ஏழு கிராமுக்குக் கீழ லூர்னா? பேசாம ஸ்பின்னிங் ரீல் வாங்கிடுங்க.