கொம்பு ஒன்றே அடையாளமன்று

தென்னந்தோப்புடைய அங்கத்தினர் சிலர், நீண்ட கொம்புடைய வண்டைக் கொன்றுவிட்டு, குட்டைக் கொம்புடையதை வேறு இனமென்று எண்ணித் தப்பவிடுகின்றனர். இஃது பெருநஷ்டத்துக்கு இடந்தருவதாகும். இரண்டும் காண்டாமிருக வண்டு என்னும் ஓரினமே. இவ்வினத்துக்கு 1758-இல் விஞ்ஞானப் பெயரிட்டவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் ஆவார்.

புழுப்பருவத்தில் உண்ட உணவுக்கேற்ப வண்டின் நீளம் சுமார் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை வேறுபடும். நன்கு உண்ட ஆணுக்குக் கொம்பு நீளும். உணவு குறைந்த ஆணுக்கோ பெண்ணுக்குப்போலக் குட்டையாகவே நிற்கும். ஆகவே கொம்பை மட்டும் கொண்டு இனத்தையோ, ஆண் பெண் என்பதையோ நிச்சயிக்கலாகாது. வண்டின் பின்புற நுனியைப் பார்த்தல் வேண்டும். அங்கே செம்பழுப்பு மயிர் அடர்ந்திருப்பின் அது பெண்.

குட்டைக் கொம்பென்று விட்ட வண்டு பெண்ணாயின், எருக்குழியில் 50-க்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். அவற்றினின்று வளரும் வண்டுகள் தென்னையின் குருத்தைத் துளைக்கும். பின்னர் விரியும் மட்டை கத்தரியால் வெட்டியதுபோல் காணும்.

எனவே எருக்குழியை அடிக்கடி கிளறிப் புழுக்களைப் பொறுக்கியழியுங்கள். அகப்படும் வண்டு பெரிதாயினும் சிறிதாயினும் விடாதீர்கள். நம் தோப்பில் தப்பிய வண்டு அயலார் தோப்புக்கும் பறக்குமாதலால், இதில் கூட்டுமுயற்சியே காப்பு.