அரைவாசி அரிசிமணியைத் தாங்கும் தகடு

மிதிவெடி அகற்றுவோரின் உலோகமானி தேடுவது உலோகத்தை, வெடிமருந்தை அல்ல. அதனால்தான் முகமாலை போன்ற இடங்களில் துருப்பிடித்த ஆணி ஒன்று ஒலியெழுப்பினாலும் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறவேண்டும். வெடிமருந்தின் ஆவியையே உணரும் கருவி ஒன்றை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூட ஆய்வாளர்கள் 2003 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் விவரித்தார்கள். அதன் முக்கிய பகுதி ஒரு நுண்ணிய சிலிக்கன் கன்ரிலீவர். வாசலுக்கு மேலே தூணில்லாமல் நீட்டிநிற்கும் சீமெந்துப் பிளாற் போல, ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட தகடு அது. இவ்வகைத் தகட்டின் ஒரு பக்கத்துக்குப் பூச்சிட்டால், அதில் வெடிமருந்து மூலக்கூறுகள் ஒட்டும்போது அது வளையும்.

இவ்வளவு மெல்லிய தகடு எவ்வளவு விசையைத் தாங்கும்? கணக்கு கடினமானதல்ல. பொருள் தாங்கும் தகைப்பை அகலத்தாலும் தடிப்பின் வர்க்கத்தாலும் பெருக்கி, நீளத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் முனையில் தாங்கக்கூடிய விசை வரும். 1638 இல் கலிலியோவே தடிப்பின் வர்க்கத்தைச் சரியாகக் கண்டுவிட்டார். ஆனால் அவருடைய விடை உண்மையைவிட மூன்று மடங்கு பெரிது.

உதாரணமாக நீளம் 200, அகலம் 40, தடிப்பு 2 மைக்ரோமீற்றர் என்போம். சிலிக்கனின் தகைப்பை 100 கோடி பஸ்கால் எனக் கொண்டால் விடை ஏறத்தாழ 133 மைக்ரோநியூற்றன். 14 மில்லிகிராம் கூட இல்லை, அரிசிமணி ஒன்றின் அரைவாசி எடைதான். ஆனாலும் அது தகட்டின் சொந்த எடையைப்போல் மூன்று இலட்சம் மடங்குக்கும் அதிகம். ஆகவே கருவி கீழே விழுந்தால் தகடு பெரும்பாலும் தப்பிவிடும், விரல் பட்டால் தப்பாது.

தகைப்புக்கு எடுத்த எண்தான் இந்தக் கணக்கின் பலவீனமான இடம். நன்றாகச் செய்த நுண்தகடு அதைவிடக் கூடவும் தாங்கும். ஆனால் சிலிக்கன் கண்ணாடி மாதிரி. இரும்பைப் போல நிரந்தரமாக வளைந்து எச்சரிக்காது, அடிப்பகுதியில் ஒரு சிறு கீறல் இருந்தாலே சட்டென்று முறியும். மேலும் 133 மைக்ரோநியூற்றனில் முனை சுமார் 80 மைக்ரோமீற்றர் இறங்கியிருக்கும். நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! அந்தளவு வளைவில் எளிய சூத்திரம் பிசகத் தொடங்கும், கணினிக் கணிப்புத் தேவை.

உணர்திறனைக் கூட்டத் தகட்டை மெல்லியதாக்கவேண்டும். தடிப்பை 1 மைக்ரோமீற்றராகக் குறைத்தால், அதேயளவு மூலக்கூறுகளுக்கு முனை நான்கு மடங்கு வளையும். தாங்கும் விசையோ நான்கில் ஒன்றாகி, 33 மைக்ரோநியூற்றனில் வந்து நிற்கும்.