எட்டு நடை எதற்கு? நான்கு போதுமே!

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் வந்த கதை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, அத்தாப்புக் கூரை வீடுகள் நிறைந்திருந்த கோலாலம்பூரைப் பாழாக்கின. அதன்பின், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் ஏற்பாடு செய்தார். கப்பித்தான் யாப் ஆ லோய் இந்த வட்டாரத்தில் செங்கல் சூளைகளை அமைத்தார். சூளைகள் மறைந்துவிட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1885இல், அமெரிக்காவில் 17 வயது இளைஞர் ஒருவர் கொத்து வேலை பழகச் சேர்ந்தார். அவர் பெயர் பிராங்க் கில்பிரெத். வேலை கற்றுக்கொடுத்த கொத்தனார்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்வதை அவர் கவனித்தார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் தரைவரை குனிந்து நிமிர்ந்தார். அப்படியானால் அவர் தூக்கியது கல்லை மட்டுமா? தம் உடம்பின் பாதிப் பாரத்தையும் அல்லவா நாள் முழுவதும் தூக்கிக்கொண்டிருந்தார்!

கில்பிரெத் பெரிய இயந்திரம் எதையும் கொண்டுவரவில்லை. கல்லும் சாந்தும் இடுப்பு உயரத்தில் இருக்கும்படி சாரத்தில் ஒரு தட்டு வைத்தார். கல்லின் நல்ல முகத்தைப் பார்த்து அடுக்கும் பொறுப்பை உதவியாளிடம் கொடுத்தார். சாந்தைப் பதமாகக் குழைக்கச் செய்ததால் கல்லைத் தட்டித் தட்டி உட்கார வைக்கும் வேலை போயிற்று. 18 அசைவுகள் ஐந்துக்கும் குறைந்தன. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 கல் வைத்தார்கள். கொத்தனாரின் கை பறக்கவில்லை. வீண் அசைவு ஒழிந்தது, அவ்வளவுதான்.

வேலையை உற்றுக் கவனித்து, வீணானதை நீக்கி, ஆளுக்கும் பொருளுக்கும் நேரத்துக்கும் ஒழுங்கு செய்யும் இந்தக் கலைக்குத்தான் தொழிலகப் பொறியியல் என்று பெயர்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இது முற்றிலும் புதிதா? இல்லை. கித்தா மரத்தைக் கண்டபடி கொத்தாமல், பழைய வெட்டையே மீண்டும் மெல்லியதாகச் சீவினால் மரம் கெடாமல் பால் தரும் என்பதை 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஆராய்ந்து காட்டியவர் ரிட்லி. அந்த முறையை மரத்துக்கு மரம், நாளுக்கு நாள், கை பிசகாமல் நடத்திக் காட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பொழுது புலருமுன் நிரைக்குப் போனதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பாலும் குறையும்.

சேமித்த நேரம் யாருக்கு?

இந்தக் கலைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

1899இல் அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையில் பிரடெரிக் டெய்லர் என்பவர், நாளுக்கு 12½ டன் இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளியை 47½ டன் சுமக்க வைத்ததாக எழுதினார். கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர்தான் ஆயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை! 1911இல் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், கடிகாரம் வைத்துத் தங்கள் வேலையை அளந்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், 1915இல் அரசுப் படைக்கலச் சாலைகளில் அந்த முறைக்குத் தடை வந்தது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: களைப்பு குறைகிறதா, அல்லது சுமை கூடுகிறதா? கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் களைப்பைப் பற்றியே 1916இல் தனி நூல் எழுதினார்கள். 1924இல் கணவர் இறந்தபின், 11 பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே லில்லியன் அடுக்களையை ஆராய்ந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி அவர் யோசனை என்பார்கள்.

சின்னக் கடைக்கும் பொருந்தும்

நம் நாட்டில் தேசிய உற்பத்தித்திறன் மையம் 1962இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு தொடங்கப்பட்டது. 2008 முதல் அது மலேசிய உற்பத்தித்திறன் கழகமாக இயங்குகிறது. ஆனால், இத்தகைய முயற்சிகள் பெரிய ஆலைகளுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்து நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் சிறு தொழிலிடங்களுக்கென்றே ஒரு வழியை வகுத்தது. அதிகச் செலவில்லாத திருத்தம், உள்ளூரில் ஏற்கெனவே நடக்கும் நல்ல முறையிலிருந்து பாடம் என்பவையே அதன் அடிப்படை. 1990களில் வியட்நாமின் கந்தோ வட்டாரத்து உழவர்களிடம் இதே வழி கிராமத்துக்குச் சென்றது. கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டாரின் நல்ல ஏற்பாடுகளைப் படத்தில் பார்த்து, தங்கள் வீட்டில் எதை முதலில் மாற்றலாம் என்று பேசி முடிவு செய்தார்கள்.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுப்புக்கும் தட்டு அலமாரிக்கும் இடையே எட்டு நடை. போக வர 16. நாளைக்கு 100 தட்டு என்றால் 1,600 நடை. அலமாரியை நான்கு நடைக்கு நகர்த்தினால் 800 நடை மிச்சம்! செலவு என்ன? இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பத்து நிமிடம்தான்.

தையல் கடை, பூக்கடை, மோட்டார் பட்டறை எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியவை இவை:

எதற்காக நடக்கிறோம்? பள்ளி நோட்டில் ஒரு பக்கம் போதும். பிள்ளைகளே எண்ணிக் கொடுப்பார்கள்.

எதற்காகக் குனிகிறோம்? அடிக்கடி எடுக்கும் பொருள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். பாரமானதைத் தூக்காமல் சக்கரத்தில் தள்ளலாம்.

எதைத் தேடுகிறோம்? ஒவ்வொரு கருவிக்கும் ஒரே இடம். எடுத்தவர் அங்கேயே வைக்க வேண்டும்.

வெளிச்சமும் குடிநீரும் உட்கார ஓரிடமும் இருக்கின்றனவா? இவை சலுகையல்ல. களைத்த கைதான் முதலில் காயப்படும்.

முக்கியமாக, வேலை செய்பவரைக் கேளாமல் எதையும் மாற்றக் கூடாது. கத்தி எங்கே இருந்தால் வசதி என்பது வெட்டுகிறவருக்குத்தானே தெரியும்? மிஞ்சிய நேரத்தை இன்னொரு சுமையால் நிரப்பிவிட்டால் மறுமுறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அரைமணி முன்னதாகக் கடை மூடலாம்; கூடுதல் வருமானத்தில் ஒரு பங்கை வேலையாளுக்குத் தரலாம்.

வீட்டிலும் அப்படியே. அடுக்களையில் அம்மாவுக்கு மிஞ்சும் கால் மணியில் இன்னொரு வேலையைத் திணிக்க வேண்டாம். அவர் சற்றே காலை நீட்டி உட்காரட்டும்.