‘விற்பனை’ என்றால் எது?

‘போன மாத விற்பனை எவ்வளவு?’ என்று பேச்சு வழக்கில் கேட்டால் நொடியில் வரைபடத்தோடு பதில் சொல்லும் வசதியைத்தான் தரவுப் பகுப்பாய்வு மென்பொருள்கள் இப்போது முன்னிறுத்துகின்றன. பவர் பிஐயில் கோபைலட், சென்னையிலிருந்து வரும் ஜோஹோ அனலிட்டிக்ஸில் ஜியா. ஆனால் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கேள்விப் பெட்டியை அல்ல. ‘விற்பனை’ என்றால் என்ன என்று எழுதிவைக்க அந்த மென்பொருள் தரும் இடத்தை. ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? திரும்பி வந்த சரக்கைக் கழித்தாயிற்றா? பில் போட்ட தேதியா, பணம் வந்த தேதியா? மார்ச் 31 அன்று பில் போட்டு ஏப்ரலில் பணம் வந்த ஆர்டர், இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றிலேயே அடுத்த நிதியாண்டுக்குத் தாவிவிடும். விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒரே கூட்டத்துக்கு இரண்டு எண்களோடு வருவது பெரும்பாலும் கூட்டல் பிழையால் அல்ல, ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஆள்வதால்.

வரையறை முதலில் வர வேண்டும் என்பதை டேப்லோ என்ற பகுப்பாய்வு மென்பொருளின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. கேள்வியைத் தட்டச்சு செய்தால் பதில் தரும் ‘ஆஸ்க் டேட்டா’ 2019-இல் வந்தது, 2024-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் வந்த ‘பல்ஸ்’, எதை அளக்கிறோம், எந்தத் தேதியை வைத்து அளக்கிறோம் என்று முதலில் வரையறுக்கச் சொல்கிறது. விளக்கமும் கேள்வி பதிலும் அதற்குப் பிறகுதான். லுக்கர் என்ற பகுப்பாய்வு மென்பொருள் நிறுவனம் 2012-இல் தொடங்கியதே இந்த எண்ணத்தில்தான்: அளவீட்டை ஒருமுறை லுக்எம்எல் என்ற அதன் வரையறை மொழியில் எழுது, எல்லா அறிக்கையும் அதையே எடுத்துக்கொள்ளட்டும். அந்த நிறுவனத்தை 260 கோடி டாலருக்கு வாங்குவதாக 2019-இல் கூகுள் அறிவித்தது. பவர் பிஐயில் ‘டேட்டாசெட்’ என்ற பெயரை 2023-இல் மைக்ரோசாஃப்ட் ‘செமாண்டிக் மாடல்’ என்று மாற்றியது வெறும் பெயர் மாற்றமாக எனக்குத் தோன்றவில்லை. தரவோடு அதன் பொருளும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஒப்புதல் அது.

இன்றைய மொழி மாதிரிகள் சூழலைப் புரிந்துகொள்கின்றனவே என்று கேட்கலாம். சொல்லை அவை நன்றாகவே புரிந்துகொள்கின்றன. ஆனால் கிரெடிட் நோட்டை எந்த மாதத்தில் கழிப்பது என்று உங்கள் நிறுவனம் எடுத்த முடிவு, எங்கும் எழுதப்படாதபோது, அவற்றுக்கு எப்படித் தெரியும்? ஊகித்துத்தான் சொல்லும், அதையும் தயக்கமில்லாத நடையில் சொல்லும். பழைய டேஷ்போர்டில் தவறு ஒரே இடத்தில் நின்றது. இங்கே கேட்பவருக்குக் கேட்பவர் வேறுபடலாம். சிறு நிறுவனங்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கவலை. ஆனால் அவர்கள் தினமும் பார்க்கும் எண்கள் ஐந்தாறுதான்: விற்பனை, நிலுவை, கையிருப்பு, லாபம் போன்றவை. அவற்றுக்கான வரையறையைக் கணக்கர் ஒரே நாளில் எழுதிவிட முடியும், மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதற்கு முன்பே.